பொலோன்யாவில் படுக்கைக்குத்தான் காசு

ஐரோப்பாவில் பழைய பல்கலைக்கழக ஊர் ஒன்றைப் பார்க்கவேண்டும், ஆனால் கையில் பணம் அதிகமில்லை என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் பொலோன்யா. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேர்பெற்ற கல்லூரிகளின் வாசலுக்கு வாசல் டிக்கெட் வாங்கியே பாதிப் பணம் கரைந்துவிடும். இத்தாலி போகும் நம் ஆட்களில் பெரும்பாலோர் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்றை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நடுவில் ரயில் மாறுவதற்காக பொலோன்யா ஸ்டேஷனில் இறங்கி, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போனவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே நிறையப் பேர்.

நான் ஜெர்மனியில் இருந்த சமயம், மியூனிக்கில் இரவுப் பேருந்து பிடித்து மார்ச் மாதத்தில் போனேன். பேருந்து நிலையம் ரயில் நிலையத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, ஊருக்குள் போக டாக்ஸியோ டவுன் பஸ்ஸோ வேண்டாம். விமானத்தில் வருபவர்களுக்குத்தான் செலவு: விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரு மானோரயில் விட்டிருக்கிறார்கள், ஏழே நிமிடப் பயணம், கட்டணம் பத்து யூரோவைத் தாண்டிவிட்டது. நான் இறங்கியபோது விடிந்தும் விடியாத நேரம், நல்ல மழை. இருந்தாலும் இன்டிபென்டென்ஸா தெருவில் முதுகுப்பையோடு நடந்து ஊரின் நடுச்சதுக்கமான பியாட்ஸா மஜோரே வரைக்கும் போகும்போது, குறுக்குத் தெருக்களைத் தாண்டிய இடங்களில் விழுந்த சில துளிகளைத் தவிர நனையவே இல்லை. தெருவின் ஓரம் முழுக்க வளைவு வளைவாக, தூண்கள் தாங்கிய மூடிய நடைபாதை. அதைத்தான் போர்ட்டிகோ என்கிறார்கள்.

இந்த போர்ட்டிகோக்கள் ஊர் முழுக்கச் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பார்க்க அலங்காரமாக இருந்தாலும் இவை வந்த கதை அலங்காரக் கதை இல்லை, வாடகைக் கதை. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் சட்டம் படிக்க ஐரோப்பாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள், கூடவே தொழில் தேடி வந்தவர்களும். தங்க இடமில்லை. வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? மாடியைத் தெருப்பக்கமாக நீட்டி, அதில் ஓர் அறை போட்டு வாடகைக்கு விட்டார்கள். நீட்டிய பாகம் விழாமல் இருக்க கீழே மரத்தூண் முட்டுக்கொடுத்தார்கள். முட்டுக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த நிழல்தான் போர்ட்டிகோ. நம்மூராக இருந்தால் தெருவை ஆக்கிரமித்துவிட்டான் என்று இடிக்க வருவார்கள், அல்லது மாமூல் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். பொலோன்யாக்காரர்கள் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1288இல் நகராட்சிச் சட்டமே போட்டார்கள்: இனிமேல் கட்டும் வீடுகளுக்கு போர்ட்டிகோ கட்டாயம், உயரம் குறைந்தது ஏழு பொலோன்ய அடி, அதாவது 2.66 மீட்டர், குதிரையில் போகிறவன் தலை இடிக்கக் கூடாது. இடம் வீட்டுக்காரனுடையது, பராமரிப்பும் அவனுடையது, நடக்கும் உரிமை மட்டும் ஊருக்கு. வழிப்போக்கன் உட்கார்ந்து போகட்டும் என்று விட்ட நம் பழைய திண்ணையைக் கட்டாயச் சட்டமாக்கி 62 கிலோமீட்டருக்கு இழுத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது.

பின்னால் மரத்தூண்களைக் கல்லாகவும் செங்கலாகவும் மாற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதற்குத் தப்பிப் பிழைத்த மர போர்ட்டிகோ ஒன்று ஸ்ட்ராடா மஜோரேயில் இருக்கிறது, காஸா இஸோலானி என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு வீடு. ஒன்பது மீட்டர் உயரத்துக்குக் கருத்துப்போன ஓக் மரத்தூண்கள். அவற்றின் கீழே போய் நின்றால் நாலு பேர் அண்ணாந்துகொண்டிருப்பார்கள், கூரை உத்தரத்தில் குத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லும் மூன்று அம்புகளைத் தேடிக்கொண்டு. நானும் கழுத்து வலிக்கத் தேடினேன். இரண்டு தெரிந்தது, மூன்றாவது இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் சத்தியம் செய்தார். அம்புகளுக்கு ஒரு காதல் கதை வேறு வைத்திருக்கிறார்கள், அதை நம்பத் தேவையில்லை. இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது என்பதுதான் விஷயம்.

வாடகைத் தகராறு அன்றைக்கே போப் வரைக்கும் போயிருக்கிறது. ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொருவர் போய் அதிக வாடகை தருகிறேன் என்று ஆசைகாட்டி அவரைக் கிளப்பக் கூடாது என்று பொலோன்யா மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 1189இல் போப் மூன்றாம் கிளெமென்ட் ஆணை போட்டார். அப்புறம் மாணவர் தரப்பும் ஊர்த் தரப்பும் சேர்ந்து வீடுகளுக்கு வாடகை நிர்ணயிக்கும் ஏற்பாடும் வந்தது. அதற்கு முன்பே, 1158இல், சக்கரவர்த்தி ஃப்ரெடரிக் பார்பரோஸா படிக்கப் போகும் வெளியூர்க்காரர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று தந்திருந்தார். அதில் முக்கியமான அம்சம், உன் ஊர்க்காரன் எவனோ கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டான் என்பதற்காக உன்னைப் பிடித்து வைத்து வசூலிக்கக் கூடாது என்பது. அப்படி வசூலிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் வெளிநாட்டு மாணவனாக விசா அலுவலக வரிசையில் நின்றவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் புரியும்.

இப்படி நெருக்கடியில் மாட்டிய வெளியூர் மாணவர்கள் தாங்களே சங்கமாகச் சேர்ந்தார்கள், அந்தச் சங்கம்தான் பல்கலைக்கழகம். ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியதே மாணவர்கள்தான், அதனால் விதிகளும் அவர்கள் போட்டவை. பாடம் தாமதமாக ஆரம்பித்தால் அபராதம், மணி அடித்த பிறகும் இழுத்தால் அபராதம், வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லை என்றால் ஆசிரியர் அன்றைக்கு வரவில்லை என்றே கணக்கு, அதற்கும் அபராதம். ஊரைவிட்டு வெளியே போகவேண்டுமென்றால் திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டுப் போகவேண்டும். என் கல்லூரி நாட்களில் இது தெரியாமல் போய்விட்டது. ஊர்க்காரர்கள் தொல்லை கொடுத்தால் மாணவர்களிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது: கூட்டமாக வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவது. 1222இல் அப்படிக் கிளம்பியவர்களால் உண்டானதுதான் படுவா பல்கலைக்கழகம். பொலோன்யா பல்கலைக்கழகத்துக்கு 1088 என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும் தொடக்க ஆண்டு மட்டும் கொஞ்சம் இட்டுக்கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு ஒன்று உட்கார்ந்து முடிவு செய்து, 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா கொண்டாடியது. அதைக் குறை சொல்வானேன், எந்தப் பழைய ஊரிலும் தலவரலாறு இப்படித்தான் இருக்கும்.

சரி, இன்றைய செலவுக்கு வருவோம். எட்டு நூற்றாண்டு தாண்டியும் இங்கே கையைக் கடிப்பது தங்குமிடம் ஒன்றுதான். நாலு லட்சத்தை நெருங்கும் ஊர், பல்கலைக்கழகத்தில் 90,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு ரிமினி, ஃபோர்லி போன்ற பக்கத்து ஊர் வளாகங்களில் என்றாலும், மீதிப் பேருக்கே அறை போதவில்லை. வியா ஸம்போனி தெருவின் தூண்களில் 'அறை தேவை' என்று கிழித்துக்கொள்ளும் ஃபோன் நம்பர் வாலோடு ஒட்டிய காகிதங்கள் மேலே மேலே அப்பியிருக்கின்றன. சுற்றுலாப் பயணிக்கு இதோடு இன்னொரு இடி, கண்காட்சிகள். பொலோன்யா பெரிய வணிகக் கண்காட்சி ஊர். மார்ச்சில் அழகுசாதனத் தொழில்காரர்களின் காஸ்மோப்ரோஃப் நடக்கும், அதையொட்டியே குழந்தைகள் புத்தகக் கண்காட்சியும் வரும், அந்த வாரங்களில் ஹாஸ்டல் கட்டில்கூட ஹோட்டல் விலை சொல்லும். நான் பார்த்து வைத்திருந்த ஒரு விடுதி, தேதியை நாலு நாள் முன்தள்ளியதும் பாதி விலைக்கு இறங்கியது. அதே கட்டில், அதே எட்டுப் பேர் அறை, அதே குறட்டை. ஆகவே விமான டிக்கெட்டோ பஸ் டிக்கெட்டோ போடுவதற்கு முன்னால் கண்காட்சி நாட்காட்டியைப் பாருங்கள். தேதியை மாற்ற முடியாதென்றால் மோடெனாவிலோ ஃபெராராவிலோ தங்கலாம், சாதாரண ரயிலில் அரைமணி நேரம் போல ஆகும், அந்த ரயில்களில் கடைசி நேரத்தில் வாங்கினாலும் டிக்கெட் விலை ஏறாது. ஊருக்குள்ளேயேதான் வேண்டும் என்றால் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் போலோன்யீனா என்ற பகுதி இருக்கிறது. பழைய தொழிலாளர் குடியிருப்பு, இப்போது பல நாட்டுக்காரர்கள் வாழ்கிறார்கள். பங்களாதேஷ்காரர்களின் மளிகைக் கடையில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கிடைக்கும், அடுப்படி உள்ள விடுதியென்றால் ராத்திரிச் சாப்பாட்டுப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். விடுதிக் கணக்கு பார்க்கும்போது தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நகராட்சி வாங்கும் சுற்றுலா வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அதைத் தனியாகத்தான் கேட்பார்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது இத்தாலியில் கஷ்டமே இல்லை, உட்காராமல் இருந்தால் போதும். காப்பியை பார் மேடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒன்றரை யூரோ போல, அதையே சதுக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து குடித்தால் விலை பல மடங்கு. ஓட்டலில் உட்கார்ந்தால் கோபெர்த்தோ என்று மேசைக்கே ஒரு காசு பில்லில் ஏறும். பியாட்ஸா மஜோரேக்கு ஒட்டி குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய கடைத்தெருக்கள், அங்கே மார்ட்டடெல்லா வாங்கினேன். ஆள் உடம்புத் தடிமனுக்கு உருளையாகத் தொங்கும் இறைச்சியை, கைக்குட்டை போல மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, காகிதத்தின் மேல் மடித்து மடித்துப் போடுவார்கள். இளஞ்சிவப்பு, நடுநடுவே வெள்ளைக் கொழுப்புச் சதுரம், சில வகையில் பச்சைப் பிஸ்தா. 'ஒரு எத்தோ' என்றால் நூறு கிராம். பன்றி இறைச்சி, அதனால் எல்லோருக்கும் ஆகாது. ஆகாதவர்கள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அடைத்த தோர்த்தெல்லோனி பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேளுங்கள், எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது.

வாங்கிய மார்ட்டடெல்லாவை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? அதற்கும் அதே கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இடம் இருக்கிறது. ஒஸ்டெரியா தெல் சோலே, 1465இலிருந்து நடக்கும் மதுக்கடை. சாப்பாடு அவர்கள் போடுவதில்லை, நீங்கள் கொண்டுவந்து சாப்பிடலாம், குடிக்க மட்டும் அங்கே வாங்கவேண்டும். நீளமான மர மேசைகளில் ஒரு பக்கம் பல்லுப்போன கிழவர்கள் சீட்டாடுகிறார்கள், எதிர்ப்பக்கம் மாணவர் கூட்டம் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து நடுவில் வைத்திருக்கிறது, இடம் கேட்டால் நகர்ந்து உட்காருகிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் வாடிக்கையாளரை முறைக்காத கடையை ஐரோப்பாவில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பார்க்கவேண்டியவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் காட்டலாம் என்றால் சான் பெத்ரோனியோ கோவிலின் தரையைக் காட்டுவேன். 1390இல் தொடங்கி, முகப்பில் பாதிக்குப் பளிங்கு ஒட்டியதோடு நின்றுபோன பிரம்மாண்டமான தேவாலயம், மேல்பாதி இன்றைக்கும் வெறும் செங்கல். உள்ளே நுழைய இலவசம். இடப்பக்கம் தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு பித்தளைக் கோடு சாய்வாக ஓடுகிறது, 67 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஓரமெல்லாம் ராசிச் சின்னங்கள். 1655இல் காசினி போட்டது. சனிக்கோளுக்குப் போன விண்கலத்துக்குப் பெயர் கொடுத்த அதே காசினி, அப்போது இங்கே வானியல் பேராசிரியர். மேலே கூரையில் ஒரு சின்னத் துளை, 27 மீட்டர் உயரத்தில். சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் அந்தத் துளை வழியாக விழும் வெளிச்சம் கோட்டைத் தொடும். வருஷம் முழுக்க, கோடையில் ஒரு முனை, குளிர்காலத்தில் மறுமுனை.

மழை விட்ட நாளாகப் பார்த்துப் போனேன். உச்சி என்றால் சரியாகப் பன்னிரண்டு மணி இல்லை, அந்த மார்ச் வாரத்தில் பன்னிரண்டு இருபது தாண்டித்தான். பத்து நிமிடம் முன்பே ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். வெளிச்சம் நீள்வட்டமாக, கோட்டுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தது. நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் ஆச்சரியம். கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நகர்வது தெரியாது, இது தெரிகிறது. கல்லின் ஒரு வெடிப்பை விட்டு அடுத்த வெடிப்புக்கு வழுக்கி, விளிம்பு பித்தளையைத் தொட்டு, கோடு அதன் நடுவைப் பிளந்து, மேகம் வந்து சட்டென்று அணைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா சத்தமாகவே ஏதோ திட்டினார், கோவில் என்றும் பார்க்காமல். ஈஸ்டர் தேதிக் கணக்கைச் சரிபார்க்க என்று சொல்லித்தான் காசினி இதைப் போட்டார், ஆனால் விழும் சூரிய பிம்பத்தின் விட்டத்தை வருஷம் முழுக்க அளந்து பார்த்ததில் கோள்களின் ஓட்டம் பற்றி வானியலாளர் கெப்ளர் சொன்ன கணக்கு சரி என்று வந்தது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவைத் திருச்சபை தண்டித்து இருபத்திரண்டே வருஷம் ஆகியிருந்தது, அளந்ததோ தேவாலயத்துக்குள்ளேயே.

அதற்கு அடுத்த கட்டடம் ஆர்கிஜின்னாசியோ. 1563இலிருந்து 1803 வரை பல்கலைக்கழகம் இங்கேதான் நடந்தது. முற்றமும் மாடிப்படிகளும் சும்மா பார்க்கலாம், சுவரும் கூரையும் தெரியாதபடி படித்துப் போன மாணவர்களின் குடும்பச் சின்னங்கள், ஏறத்தாழ ஆறாயிரம். உள்ளே உடற்கூறு அரங்கத்துக்கு மட்டும் ஒரு சிறு கட்டணம், கொடுக்கலாம். முழுக்க மரத்தால் ஆன அறை, நடுவில் பிணத்தைக் கிடத்தும் வெள்ளைப் பளிங்கு மேசை, பேராசிரியர் நாற்காலிக்கு மேலுள்ள விதானத்தைத் தாங்கிக்கொண்டு தோல் உரித்த இரண்டு மனிதச் சிலைகள். மரத்தில் செதுக்கியவை, தசைநார் ஒவ்வொன்றும் தெரிகிறது. 1944 ஜனவரி 29இல் குண்டு விழுந்து இந்த அறை தரைமட்டமானது. இடிபாட்டுக்குள்ளிருந்து சிலைகளைப் பொறுக்கியெடுத்துப் பழையபடியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

வியா ஸம்போனியில் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான பலாட்ஸோ போஜ்ஜி. அதன் அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் உண்டு, ஒரே ஒரு டிக்கெட் வாங்குவேன் என்பவர்கள் இதை வாங்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆன்னா மொராந்தி என்ற பெண் மெழுகில் செய்த உடலுறுப்பு மாதிரிகள் அங்கே இருக்கின்றன. தன்னையே ஒரு சிலையாகச் செய்திருக்கிறார்: பட்டுடை, முத்து, நகை, கையில் அறுவைக் கத்தி, எதிரே திறந்த மண்டை. லாரா பாஸ்ஸி 1732இல் முனைவர் பட்டம் வாங்கி ஆசிரியராக அமர்ந்ததும் இதே ஊரில்தான். வெளியே தெருவுக்கு வந்தால் பட்டம் வாங்கிய பிள்ளைகள் தலையில் லாரல் இலைக் கிரீடத்தோடு திரிகிறார்கள். மார்ச் மாதம் அங்கே பட்டமளிப்புக் காலம். நான் பார்த்த பையனுக்கு நண்பர்கள் பெண் வேடம் போட்டு, அவனைப் பற்றிக் கேவலமாக எழுதிய காகிதத்தைத் தூணில் ஒட்டி, அதை அவன் வாயாலேயே உரக்கப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்ட அவன் அப்பா ஓரமாக நின்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு.

படிப்பு முடிக்காத மாணவன் அஸினெல்லி கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது என்று நம்பிக்கை. இப்போது யாருமே ஏற முடியாது, பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிஸெந்தா கோபுரம் விழுந்துவிடும் என்ற பயத்தில் 2023இலிருந்து சுற்றி அடைத்துவிட்டார்கள். 97 மீட்டர் ஏறாத காசு மிச்சம். மேலிருந்து ஊரைப் பார்க்க சான் மிக்கேலே இன் போஸ்கோ குன்றுக்கு நடந்து போகலாம், இலவசம். பியெல்லா தெருவில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியும் என்று ஒரு வரிசை நிற்கும், நிற்கவேண்டாம். அடுத்த தெருவில் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்தால் அதே கால்வாய், வரிசையில்லாமல் தெரியும். மைக்கேலாஞ்சலோவைப் பார்க்க ஃப்ளோரன்ஸில் மணிக்கணக்கில் நிற்கிறார்களே, இங்கே சான் தொமெனிக்கோ கோவிலில் அவர் இருபது வயதையொட்டிச் செதுக்கிய விளக்கேந்திய தேவதை இருக்கிறது, நான் போனபோது எதிரில் நின்றது நான் மட்டும்தான். கழிவறை, வைஃபை, உட்கார நாற்காலி மூன்றும் வேண்டுமென்றால் சதுக்கத்தில் உள்ள சாலாபோர்ஸா நூலகம். கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானியர் காலத்து இடிபாடுகள், மேலே தேர்வுக்குப் படிக்கும் கூட்டம்.

கடைசியாக சான் லூக்கா. சரகோஸா வாசலிலிருந்து குன்றின் மேலிருக்கும் மாதா கோவில் வரை ஒரே தொடராக 3.8 கிலோமீட்டர் போர்ட்டிகோ, 666 வளைவுகள். 1674இல் தொடங்கினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாதா படம் ஊருக்குள் ஊர்வலமாக இறங்கும்போது நனையக் கூடாது என்பது காரணம். இதற்கும் அரசனோ போப்போ மொத்தமாகக் கொடுத்துவிடவில்லை, கைவினைஞர், வணிகர் சங்கங்களும் குடும்பங்களும் தலைக்கு ஒரு வளைவு என்று உபயம் செய்தார்கள், பெயரையும் சுவரில் பொறித்துக்கொண்டார்கள், நம் கோவில் டியூப்லைட் உபயதாரர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. மெலோன்செல்லோ வளைவு வரைக்கும் சமதளம், அதற்கப்புறம் ஏற்றம், முட்டி வலி உள்ளவர்கள் நிதானமாகப் போகவேண்டும். ஊர்க்காரர்கள் இதில் ஓடிப் பயிற்சி எடுக்கிறார்கள், அவர்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். சுற்றுலாவுக்கென்று ஒரு குட்டி ரயில் வண்டியும் மேலே போகிறது, அதில் போனால் போர்ட்டிகோவுக்கு வெளியே போவீர்கள், அப்புறம் எதற்குப் போவது?

எப்போது போகலாம் என்றால் மார்ச்சோ அக்டோபரோ என்பேன், கண்காட்சி இல்லாத வாரமாக. ஜூன், ஜூலையில் பியாட்ஸா மஜோரேயில் ராத்திரி பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் போடுகிறார்கள், அதற்காகவே போகிறவர்களும் உண்டு, வெயிலைத் தாங்கினால் சரி. ஆகஸ்ட் நடுவில் மட்டும் வேண்டாம், கடைக்காரர்களில் பாதிப் பேர் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், மாணவர்களும் ஊரில் இருக்க மாட்டார்கள்.